ஜெயசீலி போட்ட புதினா

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் இடம் இருக்கும். ஆங், அப்படித்தான். லால்குடிதானே? நான் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன். வாளாடி தாண்டி, மோனிக்கா கான்வென்ட். பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த டிரைவர் போகிற போக்கில் போனால் பன்னிரண்டுக்குக் கூடப் போய்ச் சேர மாட்டேன். மகளிருக்கு இலவசம் என்றுதான் எழுதியிருக்கிறது. மெதுவாகப் போகலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

இன்றைக்கு எனக்குத் தீர்ப்பு நாள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். அந்தப் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறை இந்த வருஷம் என் பொறுப்பிலா, ஜெயசீலி பொறுப்பிலா என்று தலைமையாசிரியை சிஸ்டர் பெனடிக்டா இன்றைக்குச் சொல்லப்போகிறார். போன வருஷம் என் பொறுப்பில்தான் இருந்தது. அறைச் சாவியை நான்தான் வைத்திருந்தேன். என் வீட்டுச் சாவிகூட என்னிடம் அப்படி இருந்ததில்லை, மாமியார் இருந்தவரை அவரிடம், அப்புறம் இவரிடம். ஜனவரி கடைசியில் அந்தச் சாவியை வாங்கி ஜெயசீலியிடம் கொடுத்துவிட்டார்கள். ஜெயசீலி யார் தெரியுமா? டிரில் மிஸ். விசில் ஊதுகிறவள்.

நான் டீச்சர் இல்லை. வீட்டில் இருக்கிறவள்தான். ஆனால் அந்தக் கான்வென்ட்டில் ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை படித்தவள். கோணலாகக் கோடு போட்டால் முட்டியில் ஸ்கேலால் அடி விழும். அந்தக் காலத்துப் படிப்பு. எதையும் சரியாகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதுதான் என் குற்றம், வேறொன்றும் இல்லை.

போன ஜூனில் ஏதோ ஆடிட்டர் ஆபீஸ் மூடுகிறார்கள் என்று பத்துப் பழைய கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். பழசு என்றால் பழசு, பிறந்த வருஷம் கேட்கக் கூடாது. விண்டோஸ் போட்டால் பட்டனை அமுக்கிவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். "வத்சலா, நீ ஏதோ லினக்ஸ் எல்லாம் போடுறியாமே, உன் பையன் சொன்னதா கேள்விப்பட்டேன். வந்து பாரேன்" என்றார். என் பையன் பெங்களூர் போகும்போது அவனுடைய பழைய லேப்டாப்பை என்னிடம் தள்ளிவிட்டுப் போனான். அதில்தான் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர யாருக்குப் பொறுமை இருக்கிறது, எனக்குக் கேட்டுக்கொள்ளத்தான் பொறுமை இருக்கிறதா?

லினக்ஸ் என்றால் என்னவா? விண்டோஸ் மாதிரிதான், கம்ப்யூட்டரை ஓட்டுகிற சாமான். ஆனால் இலவசம். பழைய பெட்டியிலும் ஓடும். ஒன்றே ஒன்று இருந்தால் தொல்லை இல்லை. அது ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். உபுண்டு என்று ஒன்று. அதே வீட்டில் குபுண்டு, சுபுண்டு, லுபுண்டு என்று ஓரகத்திகள். அந்த வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போனது மின்ட். மின்ட் என்றால் புதினா. அந்தப் புதினாவுக்குள்ளேயே சின்னமன் என்று ஒன்று, அதாவது பட்டை. சமையல்கட்டை விட்டு வெளியே வந்தால் இங்கேயும் புதினாவும் பட்டையும். உள்ளே எஞ்சின் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே தெரிகிற முகம் வேறு. மெனு எங்கே இருக்கிறது, பொத்தான் எந்தப் பக்கம், எவ்வளவு கனம் என்பதுதான் வித்தியாசம். அந்த முகத்துக்கு டெஸ்க்டாப் என்று பெயர். புரிகிறதா? புரியாவிட்டாலும் பரவாயில்லை. சிஸ்டருக்கும் புரியவில்லை.

முதல் வாரம் நான் பத்துப் பெட்டியிலும் மின்ட் போட்டேன், எக்ஸ்எஃப்சிஇ என்ற முகத்தோடு. லேசானது அது. பட்டென்று வந்தது. இன்டர்நெட் வந்தது, பிரிண்டர் வந்தது, தமிழ் அடித்தால் தமிழ் வந்தது. சிஸ்டர் கையைக் கூப்பி, "இவ்வளவு சீக்கிரமா!" என்றார்.

அந்தச் 'சீக்கிரமா'தான் என்னை உறுத்தியது. முதலில் கையில் எடுத்ததே சரியானதாக இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்? கத்தரிக்காய்கூட அப்படி வாங்க மாட்டோம். பார்ப்பதற்கும் ஒரு மாதிரி, அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருந்தது. பெண் பிள்ளைகள் உட்காருகிற இடம், கொஞ்சம் லட்சணமாக இருக்க வேண்டாமா? அடுத்த வாரமே எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சின்னமன் போட்டேன். அழகு என்றால் அழகு. ஆனால் கிழவிக்குப் பட்டுப்புடவை கட்டியது போல, ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கியது. சரி, உபுண்டுவையே போடுவோம், மூலத்துக்கே போவோம் என்று போட்டேன். அதில் எல்லாப் பொத்தானும் இடது பக்கம் வரிசையாக நிற்கும். அதுவும் கனம். குபுண்டு போட்டேன். அதில் மாற்றுவதற்கு இருக்கிற விஷயங்களைப் பார்த்தால், மாற்றி முடிப்பதற்குள் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்துவிடுவார்கள். சுபுண்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மூலையில் எலிப்படம். பள்ளிக்கூடத்தில் எலியா? ஏற்கெனவே சத்துணவுக் கூடத்தில் இருப்பது போதாதா?

என்ன பார்க்கிறீர்கள்? காரணம் இல்லாமல் நான் எதையும் தள்ளவில்லை.

ஒன்றை மாற்றினால் பத்தையும் மாற்றிவிடுவேன். யூனிஃபார்ம் என்றால் யூனிஃபார்ம். ஒருத்தி ரெட்டை ஜடை, ஒருத்தி ஒற்றை ஜடை என்று வந்தால் எங்கள் காலத்தில் வெளியே நிறுத்திவிடுவார்கள். அதனால் சனி ஞாயிறு பூராவும் அங்கேதான். வீட்டில் இவர் தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டார். அதற்கு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள். "வத்சலா, உன்னோட புடவைக் கடைக்கு வந்த பாவத்துக்குச் சொல்றேன். அம்பது புடவையைப் பிரிச்சுப் போடச் சொல்லுவ, கடைசியில முதல்ல எடுத்துக் காட்டினதையே வாங்கிட்டு வருவ." சொல்லட்டும். ஆனால் ஐம்பதையும் பார்த்துவிட்டு வாங்குவதும், பார்க்காமல் வாங்குவதும் ஒன்றா? ஆண்களுக்கு இது புரியாது. இவர் என்னையே ஒரே தடவைதான் வந்து பார்த்தார். பஜ்ஜி சாப்பிட்டார், சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளா? பிள்ளைகளுக்கு என்ன, வந்தார்கள், கற்றுக்கொண்டார்கள். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி என்பதே கிடையாது. திங்கட்கிழமை வந்தால் "மிஸ், மெனு எங்க மிஸ்?" என்று ஒரே கூச்சல். போன வாரம் கீழே இருந்தது, இந்த வாரம் மேலே இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தெரியும். நிமிர்ந்து பார்க்கவே சோம்பேறித்தனம். நானும் விட மாட்டேன். ஒவ்வொருத்தி பக்கத்திலும் நின்று, கையைப் பிடித்துச் சொல்லித்தருவேன். மக்கே, மண்டூகமே என்றும் சொல்லுவேன். அவர்களும் சிரிப்பார்கள். எட்டாம் வகுப்பில் பொன்மதி என்று ஒருத்தி, வாய் என்றால் காது வரைக்கும். என்னை வைத்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிறாள், "இன்னிக்கு மெனு எந்தப் பக்கம்னு சொல்லு, அஞ்சு ரூபா பெட்டு." பெட்டாம்! கான்வென்ட்டில்! காதைத் திருகினேன். ஆனால் கெட்டிக்காரி. மௌஸைப் பிடித்தாள் என்றால் படம் அப்படி வரும்.

இதோ, கொள்ளிடம் வந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்தீர்களா, நாலு மாட்டைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான். இந்தப் பாலத்தைத்தான் அவள் வரைந்தாள். ஆண்டுவிழாவுக்கு அறையில் கண்காட்சி வைக்க வேண்டும், பிள்ளைகள் கம்ப்யூட்டரில் செய்ததைக் காட்ட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதில் ஒரு நெருக்கடியும் இருந்தது. தாளாளர் ஃபாதர் அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார், நாற்காலிகள் அடுக்கிவைக்க. பிள்ளைகள் உருப்படியாக ஏதாவது காட்டினால்தான் அறை நிலைக்கும். அதனால் ஒருத்தி கதை அடித்தாள், ஒருத்தி கணக்கு வைத்து விளையாட்டு செய்தாள், பொன்மதி இந்தப் பாலத்தை வரைந்தாள். தூண் தூணாக, கீழே மணல், மேலே பஸ். பஸ்ஸின் ஜன்னலில் தலைகள்கூட இருந்தன. டிசம்பர் முழுக்க வரைந்தாள். அந்த மாசம் நானும் எதையும் மாற்றாமல் விட்டிருந்தேன்.

ஜனவரியில் பொங்கல் லீவு வந்தது. அறை காலி, நான் மட்டும். அப்போதுதான் லுபுண்டுவை யோசித்தேன். எல்லாவற்றையும்விட லேசு, சுத்தம், எலி கிடையாது. இதுதான், இதற்குமேல் தேட வேண்டாம் என்று மனசு நிச்சயமாகச் சொன்னது. பத்தையும் துடைத்துவிட்டுப் போட்டேன். நாலாவது நாள் பிள்ளைகள் வந்தார்கள்.

துடைத்தால் உள்ளே இருப்பதும் போகும். அது இயற்கை. வீட்டுக்கு வெள்ளை அடித்தால் சுவரில் எழுதினது இருக்குமா? ஒவ்வொருத்தியும் தன்னுடையதைப் பென்டிரைவில் எடுத்துவைத்திருக்க வேண்டும். சொல்லியிருக்கிறேன். ஜூலையில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். யாரும் எடுத்துவைக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்வேன்? கதைக்காரி அழுதாள், விளையாட்டுக்காரி அழுதாள். பொன்மதி அழவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தாள், நாற்காலியை உள்ளே தள்ளினாள், என்னிடம் வந்து நின்று சொன்னாள். "மிஸ், வாடகைக்கு இருக்கவங்களைக் காலி பண்ணச் சொல்றதுக்கே ஒரு மாசம் டைம் குடுப்பாங்க மிஸ்."

திமிர். என்ன திமிர், பார்த்தீர்களா? எட்டாம் வகுப்பு! இவரிடம் சொன்னேன், சிரித்தார். பையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவனும் சிரித்தான். எனக்கு மட்டும்தான் சிரிப்பு வரவில்லை. ஆறு மாசமாகிறது, சோறு வடிக்கும்போது, துணி மடிக்கும்போது, அந்த வாடகை வசனம் வந்து வந்து நிற்கிறது. திமிர் பிடித்த வார்த்தைக்கு அவ்வளவு ஆயுசு.

அந்த வாரமே சிஸ்டர் கூப்பிட்டார். "வத்சலா, நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்க. சாவியைக் குடுத்துட்டுக் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றார். நான் களைத்துப்போயிருந்தேனா? வாழ்க்கையில் அந்த ஏழு மாசம்தான் நான் களைக்காமல் இருந்தேன். ஆனால் சிஸ்டரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. கொடுத்துவிட்டேன்.

ஜெயசீலி ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தாளாம். தன் தம்பியிடமிருந்து ஒரு பென்டிரைவ் வாங்கிவந்து, பத்துப் பெட்டியிலும் சொருகி, சாயங்காலம் கோ-கோ பயிற்சிக்கு நேரத்துக்குப் போய்விட்டாளாம். என்ன போட்டாள் தெரியுமா? மின்ட். எக்ஸ்எஃப்சிஇ. ஆமாம், நான் ஜூனில், முதல் வாரத்தில், முதல்முதலாகப் போட்டேனே, அதே புதினா, அதே முகம்! அப்படியானால் அது யார் கண்டுபிடித்தது? நான் கண்டுபிடித்து ஒதுக்கிவைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் பெயர் வாங்கிவிட்டாள். பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். ஆண்டுவிழாவில் ஃபாதர் மேடையிலேயே, "ஜெயசீலி மிஸ் உருவாக்கிய கம்ப்யூட்டர் அறை" என்றார். அறை நிலைத்தது. நான் மூன்றாவது வரிசையில் மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவையில் உட்கார்ந்து கை தட்டினேன். தட்டாமல் இருக்க முடியுமா? வளர்த்த விதம் அப்படி.

பாலமா? பொன்மதி மறுபடி வரையவில்லை. பூச்சாடி வரைந்திருந்தாள். யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய பூச்சாடி.

டோல்கேட். இந்த இடத்தில் மட்டும் எந்த டிரைவரும் அவசரப்பட மாட்டார், டீக்கடை இருக்கிறது அல்லவா? கண்டக்டர், இறங்காதீங்க! பத்தரை ஆச்சு! ... பார்த்தீர்களா, இறங்கிவிட்டார்.

ஜெயசீலி கம்ப்யூட்டர் சொல்லித்தருகிற அழகைக் கேளுங்கள். எனக்கு ஆயா ஆரோக்கியம் சொன்னாள். வரிசையாக நிறுத்துவாளாம். "ஒன், மௌஸைப் பிடி! டூ, அமுக்கு! த்ரீ, விடு!" கவாத்து. ஒருத்தி மெனுவை எடுத்துக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தாளாம், அவளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாளாம். அந்தப் பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது, அது நிச்சயம். பிள்ளைகளுக்கும் ஒன்றும் வராது, அதுவும் நிச்சயம்.

நானும் சும்மா இல்லை. பிப்ரவரியிலிருந்து வீட்டு லேப்டாப்பில் ஒவ்வொன்றையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். யாருடைய அவசரமும் இல்லாமல், நிதானமாக. கடைசியில் முடிவுக்கு வந்துவிட்டேன். பழைய பெட்டி, பள்ளிக்கூடம், தமிழ், பிரிண்டர், எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇதான் சரி. ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? ஜெயசீலி போட்டது குருட்டாம்போக்கு. நான் சொல்வது ஆராய்ச்சி. இதைத்தான் இன்றைக்கு சிஸ்டரிடம் சொல்லப்போகிறேன். பொறுப்பு யாருக்கு வர வேண்டும் என்று அதற்கப்புறம் அவரே —

ஒரு நிமிஷம். போன். சிஸ்டர்தான்!

"ஹலோ, சிஸ்டர்... பஸ்லதான் இருக்கேன் சிஸ்டர், டோல்கேட் தாண்டிட்டோம்... யாரு? பிள்ளைங்களா?... உங்க ரூமுக்கே வந்துட்டாங்களா?... என்னைத்தான் கேட்டாங்களா? வத்சலா மிஸ்னு பேரைச் சொல்லியேவா?... யாரு கூட்டிட்டு வந்தது?... பொன்மதியா!... சரி... சரிங்க சிஸ்டர்... என்னது?... பாஸ்வேர்டு?... இல்ல, புரியுது சிஸ்டர்... புரியுது... யோசிச்சு... வந்து பேசறேன் சிஸ்டர்."

கேட்டீர்களா? பிள்ளைகள் போய்க் கேட்டிருக்கிறார்கள். வகுப்புக்கு வத்சலா மிஸ்தான் வேண்டும் என்று. ஃபாதரும் சரி என்றாராம். ஆனால் கேளுங்கள், அதிலும் ஒரு கத்தரி வைத்திருக்கிறார்கள். பாடம் எடுப்பது நான். பாஸ்வேர்டு ஜெயசீலியிடம். லினக்ஸில் அந்தப் பாஸ்வேர்டு இல்லாமல் ஒரு துரும்பைச் சேர்க்க முடியாது, ஒரு துரும்பை எடுக்க முடியாது. பென்டிரைவைச் சொருகினாலும் திறக்காத மாதிரி அவள் பூட்டியிருக்கிறாளாம். எனக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாதாரண நுழைவுதானாம். அவர்கள் எதைச் செய்ய முடியுமோ அதைத்தான் நானும் செய்ய முடியும். அது யார் போட்ட நிபந்தனை தெரியுமா? சிஸ்டர் இல்லை. ஃபாதர் இல்லை. அந்தப் பொன்மதியேதான். "வத்சலா மிஸ் வேணும், ஆனா மிஸ் எதையும் மாத்தக் கூடாது" என்றாளாம். அவள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார்களாம்.

எப்படி இருக்கிறது? சமைக்க நீ வா, அடுப்பைப் பற்றவைக்கிற உரிமை பக்கத்து வீட்டுக்காரிக்கு. எனக்கு என்ன தலையெழுத்து? வீட்டில் வேலை இல்லையா? ஆவக்காய் போட்டுப் பாதியில் நிற்கிறது. வாஷிங் மெஷினில் துணி கிடக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக இன்னொருத்தர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நான் வேலை செய்தது போதாதா? வர முடியாது சிஸ்டர் என்று இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். இதோ, எங்கே போனது இந்த நம்பர்...

என்ன? என்ன சொன்னீர்கள்? கான்வென்ட் ஸ்டாப்பிங் போய்விட்டதா? எப்போது? ஐயையோ, சொல்லக் கூடாதா? நான் பேசினால் நீங்களும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதா? கண்டக்டர்! நிறுத்துங்க! கண்டக்டர், விசில் அடிங்க! ... அடுத்த ஸ்டாப்பிங்கா? அங்கிருந்து நான் திரும்பி நடக்கணுமே!

இல்லை, போன் வேண்டாம். பதினொன்றுக்குப் பிள்ளைகளை அறையில் உட்காரவைத்துவிடுவதாகச் சிஸ்டர் சொன்னார். பத்துப் பெட்டிக்கு இருபத்திரண்டு பேராம். நான் போகாவிட்டால் அவள் விசிலோடு வந்துவிடுவாள். அந்தப் பூச்சாடியையே இன்னொரு வருஷம் வரைந்துகொண்டிருப்பார்கள். மாட்டேன். பாலம் வரைந்தவளைப் பூச்சாடி வரைய விட மாட்டேன். காதைத் திருகியாவது வரையவைப்பேன்.

கூடையை எடுங்கள், கால் மாட்டுகிறது. போய்வருகிறேன். பாஸ்வேர்டு அவளிடமே இருக்கட்டும், யாருக்கு வேண்டும்? ஜெயசீலி பெரிதாக என்ன வைத்திருக்கப்போகிறாள், அவள் வீட்டு நாய் பேரைத்தான் வைத்திருப்பாள். பிங்கி. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. முதல் தடவையிலேயே திறந்துவிடும், எனக்குத் தெரியும். தெரிந்தாலும் அடிக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

காலாண்டுப் பரீட்சை வரைக்குமாவது அடிக்க மாட்டேன்.